பெயர் தேடிய பாடல்

பிரேசிலின் கலையுலகை உலுக்கிய ஓர் இயக்கத்திற்குப் பெயர் நிலைத்தது, பெயரின்றிப் பிறந்த ஒரு பாடலால்.

1967-இல் கவிஞரும் பாடகருமான கயெத்தானோ வெலோசோ அதனை இயற்றினார். அதைக் கேட்ட திரைப்பட ஒளிப்பதிவாளர் லூயிஸ் கார்லோஸ் பாரெட்டோ, 'டிராபிகாலியா' எனப் பெயரிடுமாறு கூறினார். அது அவ்வாண்டு ரியோ டி ஜனீரோவில் ஹெலியோ ஓய்ட்டிசிக்கா அமைத்த கலைப்படைப்பின் பெயர். மணலும் செடிகளும் கிளிகளும் சூழ்ந்த குடிலுக்குள் நுழைவோரை, இருளின் முடிவில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று எதிர்கொள்ளும். வெலோசோ அதனைக் கண்டதில்லை. எனினும் அவர் பாடலும் அத்தகைய முரண்களாலேயே ஆனது.

1960-இல் தலைநகரான பிரசீலியாவை நினைவூட்டும் சின்னமொன்றைப் பாடல் எழுப்புகிறது. அதனருகே வறிய குழந்தையொன்றை நிறுத்துகிறது. கவிஞர் தீர்ப்பேதும் கூறுவதில்லை. அயற்பண்பாட்டை உண்டு செரித்துத் தனதாக்குக என 1928-இல் ஓஸ்வால்ட் டி ஆந்திராதே வகுத்த நெறி, இங்கே மின்கிதாரும் நாட்டார் தாளமும் கலந்த இசையாயிற்று.

இக்கலப்பை இடதுசாரி மாணவர்கள் ஏசினர். 1964 முதல் ஆண்ட இராணுவமோ, 1968 டிசம்பரில் உரிமைகளைப் பறித்த கையோடு வெலோசோவையும் அவர்தம் தோழர் ஜில்பெர்த்தோ ஜில்லையும் சிறையிட்டது. 1969-இல் நாடு நீங்கி இலண்டனில் வாழ்ந்த இருவரும் 1972-இல் தாயகம் மீண்டனர்.

இரு தரப்பாரும் கலையிடம் எதிர்பார்த்தது ஒற்றைக் குரல். இப்பாடலோ மாளிகையையும் பசியையும் ஒரே மூச்சில் பாடியது. கண்டதைக் கண்டபடி அருகருகே வைக்கும் துணிவும் கவிஞன் கடனே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?