லண்டனில் இருபது ஆண்டுகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 'தேசிய வான் அருங்காட்சியகம்' என நிறுவப்பெற்று, 1966இல் விண்வெளியையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு, 1976 ஜூலை 1 அன்று இப்போதைய கட்டடத்தில் திறக்கப்பட்டது. நிலவுக்குச் சென்று மீண்ட அப்போலோ 11 பயணத்தின் 'கொலம்பியா' கலமும், 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் 'ஃபிளையர்' வானூர்தியும் இங்கு ஒரே கூரையின்கீழ் உள்ளன. இவற்றுள் ஃபிளையர் வாஷிங்டன் வந்து சேர 45 ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குப் பெரிதும் காரணம், இந்த அருங்காட்சியகத்தை நடத்துகின்ற ஸ்மித்சோனியன் நிறுவனமே.

1846இல் தோன்றிய அந்நிறுவனத்தின் தலைவர் 'செயலர்' என்றே அழைக்கப்படுகிறார். 1887 முதல் அப்பொறுப்பில் இருந்த வானியலறிஞர் சாமுவேல் லாங்லி, நீராவியால் இயங்கும் ஆளில்லா மாதிரி ஊர்தியை 1896இல் அரை மைலுக்கு மேல் பறக்கவிட்டுப் புகழ்பெற்றார். அதனால் ஆளைச் சுமக்கும் வானூர்தி ஒன்றைச் செய்ய அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் வழங்கியது. 'ஏரோட்ரோம்' எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தி, பொடோமாக் ஆற்றில் நின்ற படகுவீட்டின் மேலிருந்து 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் விசையுடன் செலுத்தப்பட்டு, இரு முறையும் ஆற்றில் விழுந்தது. ஓட்டிய சார்லஸ் மேன்லி உயிர்தப்பினார். அதன்பின் ஒன்பதே நாளில், அரசின் உதவி எதுவுமின்றித் தம் மிதிவண்டித் தொழில் ஈட்டிய பணத்தைக் கொண்டு உழைத்துவந்த ரைட் சகோதரர்கள், வட கரோலினாவின் மணல்வெளியில் நான்கு முறை பறந்தனர். ஆர்வில் ஓட்டிய முதல் பறத்தல் 12 விநாடி நீடித்தது. வில்பர் ஓட்டிய நான்காவதில் ஊர்தி 59 விநாடியில் 852 அடி கடந்தது. சற்று நேரத்தில் வீசிய காற்று அதைப் புரட்டிச் சிதைத்துவிட்டதால், அது மீண்டும் பறக்கவேயில்லை.

லாங்லி 1906இல் மறைந்தபின் செயலரான சார்லஸ் வால்காட், முன்னவரின் பெயரை மீட்க விரும்பியது இயல்பே. அதற்கு அவர் தேர்ந்த வழிதான் கண்டிக்கத்தக்கது. காப்புரிமை, அதாவது ஒருவர் கண்டுபிடித்ததை அவர் இசைவின்றிப் பிறர் பயன்படுத்தாதபடி தடுக்கும் சட்ட உரிமை, தொடர்பான வழக்கில் ரைட் தரப்பிடம் தோற்றிருந்த கிளென் கர்ட்டிஸிடமே, ஏரோட்ரோமைச் செப்பனிட்டுப் பறக்கவிடும் பணி 1914இல் ஒப்படைக்கப்பட்டது. ரைட்களுக்கு முன்பே பறக்கவல்ல ஊர்தி ஒன்று இருந்ததெனக் காட்டினால் அவர்களது காப்புரிமை வலுவிழக்கும் என்பது கர்ட்டிஸின் கணக்கு. நிறுவனத்தின் சார்பில் சோதனைகளைப் பார்வையிட்ட ஆல்பர்ட் ஸாமோ, அதே வழக்கில் கர்ட்டிஸ் தரப்புச் சாட்சி! சிறகின் வளைவும் தாங்குகம்பிகளும் மாற்றப்பட்டு, மிதவைகளும் பூட்டப்பட்ட அந்த ஊர்தி, கியூகா ஏரியின் மேல் சில விநாடிகள் எழும்பியது. பின்னர் அது 1903இன் வடிவுக்கே திருப்பப்பட்டு, செய்த மாற்றங்கள் மறைக்கப்பட்டு, ஆளைச் சுமந்து பறக்கவல்ல உலகின் முதல் வானூர்தி என்னும் காட்சிக்குறிப்புடன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

வில்பர் 1912இலேயே டைஃபாய்டால் இறந்துவிட்டதால் தனியே நின்று வாதாடிய ஆர்வில், பயன் காணாமல், 1928இல் ஃபிளையரை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்கர் தம் நாட்டின் முதல் வானூர்தியைக் காணக் கடல் கடக்க வேண்டியிருந்த இந்நிலை, 1942இல் செயலர் சார்லஸ் ஆபட், 1914இல் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டு நிறுவனத்தின் தவற்றை அச்சில் ஒப்புக்கொண்ட பிறகே மாறத் தொடங்கியது. ஆயினும் உலகப்போர் குறுக்கிட்டது. 1948 ஜனவரியில் ஆர்வில் இறந்தார். அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று ஃபிளையர் ஸ்மித்சோனியனில் காட்சிக்கு வந்தது.

ஒரு டாலர் விலைக்கு ஊர்தியை விற்ற ஆர்விலின் வாரிசுகள், அதற்கு முந்திய எந்த வானூர்தியும் ஆளைச் சுமந்து, தன் விசையால், கட்டுப்பாட்டுடன் பறக்கவல்லதாய் இருந்ததென ஸ்மித்சோனியன் கூறினால் ஃபிளையர் தங்களிடமே திரும்பிவிடும் என ஒப்பந்தம் எழுதி வாங்கினர். பட்ட அனுபவத்தால் பிறந்த இந்நிபந்தனை புரிந்துகொள்ளத்தக்கதே எனினும், ஆய்வு நிறுவனம் ஒன்றின் முடிவை ஒப்பந்தத்தால் கட்டுவது முறையன்று. முதல் பறத்தலின்போது எடுத்த நிழற்படமும் ஆர்விலின் நாட்குறிப்பும் இருக்க, ரைட் சகோதரர்களின் முதன்மைக்கு அப்படியொரு காப்பு தேவைப்படவும் இல்லை.