கையால் போட்ட வால் நட்சத்திரக் கணக்கு

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம் வந்தபோது, இங்கே போபாலில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் மொட்டை மாடியில் கூடிவிட்டோம். லேப்டாப்பில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாஃப்ட்வேர். ஊரையும் தேதியையும் கொடுத்தால், எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்று படமே போட்டுக் காட்டிவிடும். இந்த ஒரு நொடி வேலையை ஒரு காலத்தில் மனிதர்கள் கையால் செய்தார்கள்.

எட்மண்ட் ஹாலி 1705-ல், 1531, 1607, 1682-ல் வந்தவை மூன்றும் ஒரே வால் நட்சத்திரம்தான், 1758 வாக்கில் திரும்ப வரும் என்றார். வந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1742-ல் காலமாகிவிட்டார். வியாழனும் சனியும் வழியில் இழுத்துத் தாமதப்படுத்துமே, சரியாக எப்போது வரும்? பாரிஸில் க்ளேரோ, லலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண்மணி, மூவரும் உட்கார்ந்தார்கள். ஆறு மாதம், காலையிலிருந்து ராத்திரி வரை, சில நாள் சாப்பிடும்போதுகூடக் கணக்குப் போட்டதாக லலாந்த் எழுதியிருக்கிறார். அரையாண்டு முடிவில் லெட்ஜர் லெட்ஜராக வட்டி போட்ட பேங்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்!

1758 நவம்பரில் விடை சொன்னார்கள்: 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம். நெருங்கியது மார்ச் 13.

அதே பாரிஸில் மெஸ்ஸியே, தன் மேலதிகாரி டெலில் போட்டுக்கொடுத்த வான வரைபடத்தை வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் தேடினார். வரைபடமே தப்பு. 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி அதை முதலில் பார்த்தவர், ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கத்து விவசாயி பாலிட்ச். மெஸ்ஸியேவுக்குக் கிடைத்தது 1759 ஜனவரி 21-ல், வரைபடத்தை விட்டு வெளியே தேடியபோதுதான்.

இன்றைக்கும் இதுவே பாடம். சூரியனை நெருங்கும்போது வால் நட்சத்திரத்திலிருந்து பீறிடும் வாயு, அதன் பாதையையே கொஞ்சம் தள்ளிவிடும். பழைய பாதை விவரத்தோடு இருந்தால் நம் சாஃப்ட்வேரும் டெலிலின் வரைபடம்தான். பார்க்கப் போகுமுன் புது விவரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அது சொல்லும் பிரகாசத்தை அப்படியே நம்பாமல், பைனாகுலரில் சுற்றுவட்டாரத்தையும் துழாவுங்கள்.

ஹாலி அடுத்து சூரியனை நெருங்குவது 2061 ஜூலையில். அந்தத் தேதியைத் தட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாம் இருப்போமோ என்னவோ, அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் தேதியோடு ஊரையும் கொடுக்க வேண்டும். அங்கே மட்டும் எந்த ஊரைப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.