பாடும் பட்டமும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் கோட்டைக்குப்பத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, சாயங்காலம் ஒரு நடை வந்துட்டுப் போ. பாப்பா ஆஸ்திரேலியா போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. உங்க மாமா போட்டு என்ஜினை விக்கிறேங்கிறார்."

போனேன். திண்ணையில் ஒரு வழவழப்பான நோட்டீஸ் கிடந்தது. இரண்டு வருஷ ஹெல்த் அசிஸ்டென்ட் டிப்ளமோ, முடித்ததும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்பத்திரி வேலை என்று போட்டிருந்தது. கொடுத்துவிட்டுப் போன ஏஜென்ட் முன்பணத்துக்கு ஒரு தேதியும் சொல்லியிருந்தார். அக்கா மகளுக்கு உயிரியலில் நல்ல மதிப்பெண். நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. மாமா என்னைப் பார்த்து, "மச்சான், நீ படிச்சவன். எது நல்ல படிப்பு, சொல்லு" என்றார்.

பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் நான். மருத்துவப் படிப்பு பற்றி எனக்கென்ன தெரியும்? ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

எனக்குப் பிடி கொடுத்தது மாமாவின் தொழில்தான். பழவேற்காடு ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. இறால் ஓடும் நல்ல இடங்களை ஊர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். யாருக்கு எந்த முறை என்பது குலுக்கலில் தீரும். பெரிய மீன்பிடிக்காரனும் சின்ன மீன்பிடிக்காரனும் ஒரே குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஊர்ப் பட்டியலில் பேர் இல்லையென்றால் அந்த இடத்தில் அவன் வலை இறங்காது. வலை கட்டத் தெரிவது ஒன்று, கட்ட உரிமை இருப்பது வேறொன்று.

அந்தப் பட்டியலில் இருப்பவை ஆண்களின் பெயர்கள். அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அக்கா இருபது வருஷமாகக் கூடை சுமந்து மீன் விற்கிறாள். ஆனாலும் ஏரியில் அவளுக்குப் பாடு கிடையாது, அவள் மகளுக்கும் கிடையாது. முகத்துவாரம் தூர்ந்து, தெற்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்தபின் ஆண்களுக்கே பாடு மெலிந்துவிட்டது. வெளியே ஒரு பாடு தேடவேண்டும் என்று அந்தப் பெண் நினைப்பதில் தப்பில்லை.

இந்த ஊரிலிருந்து ஆட்கள் தூரதேசம் போவது புதிதும் இல்லை. 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கோட்டைக்குப்பம் என்ற பேரே அதைச் சொல்லும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1606இல், அதே கம்பெனியின் டய்ஃப்கன் என்ற சிறு கப்பல் பாண்டா தீவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவின் வடகரையைத் தொட்டிருந்தது. அந்தக் கண்டத்தில் ஐரோப்பியர் இறங்கியதாக நாமறிந்த முதல் பதிவு அதுதான். பழவேற்காட்டுத் துணியைக் கொடுத்துத்தான் டச்சுக்காரர்கள் கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு ஆட்களையும் ஏற்றினார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் பிள்ளைகளை விற்றவர்களும் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். உள்ளே வணிகர்களின் பெயர்கள் கருங்கல்லில் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. கப்பலின் அடித்தட்டில் போனவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் கிடையாது.

பெயர் எந்தப் பட்டியலில் ஏறுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. மருத்துவத் தொழிலின் வரலாறும் ஒரு வகையில் பட்டியல்களின் வரலாறுதான். பிரிட்டனில் 1858இல் மருத்துவச் சட்டம் வந்து மருத்துவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டானது. சென்னை மாகாணத்தில் 1914இல் மருத்துவப் பதிவுச் சட்டமும், 1926இல் செவிலியர், தாதியர் சட்டமும் வந்தன. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு முன்பும் வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு, பிரசவம் பார்த்த கைகள் உண்டு. பதிவேடு வந்தபிறகு, தெரிந்தவர் யார் என்ற கேள்வியோடு அனுமதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு ஆஸ்திரேலியப் பெண்ணின் கதை நம் கரையிலேயே நடந்திருக்கிறது. மேரி குளோரி 1887இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் படிப்பில் சேர்ந்தார். பிறகு மருத்துவத்துக்கு மாறி 1910இல் பட்டம் பெற்றார். பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் வரை போக வேண்டியிருந்தது. 1919இல் எம்.டி.யும் முடித்துவிட்டு 1920இல் கப்பலேறி குண்டூருக்கு வந்து துறவு மடத்தில் சேர்ந்தார். அன்றைக்குக் குண்டூரும் நம் சென்னை மாகாணம்தான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அப்போது கன்னியாஸ்திரிகள் மருத்துவராகத் தொழில் செய்யக் கூடாது. கையில் எம்.டி. இருந்தும் போப்பாண்டவரின் தனி அனுமதி கிடைத்த பிறகுதான் அவரால் வைத்தியம் பார்க்க முடிந்தது. பிற்பாடு உள்ளூர்ப் பெண்களுக்குக் கம்பவுண்டர், தாதி வேலைகளைக் கற்றுக்கொடுத்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் பெங்களூரில் இறந்தார்.

அவர் வந்த வழியில் நம் பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் எதிர்த்திசையில் போயிருக்க முடியாது. 1901இல் ஆஸ்திரேலியா இயற்றிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், சொல்வதெழுதுதல் என்றொரு பரீட்சை இருந்தது. அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. ஆங்கிலம் தெரிந்தவரிடம் டச்சு மொழியில் வாசித்தாலும் சட்டப்படி சரிதான். ஆளைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அதற்குத் தோதாக வைத்த பரீட்சை அது. 1958இல் அதைக் கைவிட்டார்கள். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் மிச்சசொச்சம் 1973இல் நீங்கியது.

இன்று போகிறவர்களுக்கும் பரீட்சை உண்டு. 2010இல் மாநிலத்துக்கு மாநிலம் இருந்த பதிவேடுகளை ஒன்றாக்கி, ஆஃப்ரா என்ற தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் அதில் பதிந்தாக வேண்டும். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர் பொதுவாக என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற கணினித் தேர்வை எழுதவேண்டும். அதை இந்தியாவிலேயே எழுதலாம். அதற்கடுத்து ஆஸ்திரேலியாவுக்கு நேரில் போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வைத் தாண்டவேண்டும். 2020இலிருந்து இதுதான் முறை. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதினால் மொத்தம் 7 வேண்டும். எழுத்துப் பிரிவுக்கு மட்டும் 2025இல் 6.5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மருந்தாளுநருக்கும் பிசியோதெரபிக்கும் தனித்தனிக் கவுன்சில்களும் தனித்தனித் தேர்வுகளும் இருக்கின்றன.

இதுவும் அந்த 1901 பரீட்சையின் பேரன்தானே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. செலவும் நம் பக்கம், அலைச்சலும் நம் பக்கம். யோசித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பரீட்சை எந்த மொழியில், எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரியும். கோட்டைக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருஷம் அதற்குத் தயாராகலாம். பாட்டுக் குலுக்கல் மாதிரி, விதி எல்லோருக்கும் ஒன்று. ஆனால் பட்டியலுக்குள் நுழைய முதலில் சரியான பட்டம் வேண்டும்.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் செவிலியர்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு படித்தார்கள். அந்தப் படிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற அரசு 1984இல் முடிவெடுத்து, 1990களில்தான் முழுதாக மாறியது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1946இலேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிவிட்டார்கள். அங்கே பட்டம் அடிப்படைத் தகுதி ஆகிவிட்டதால், இங்கே மூன்று வருஷ ஜி.என்.எம். டிப்ளமோ முடித்த பலர் மேலே இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அடுத்த வாரம் போய், முதலில் நோட்டீஸை எடுத்து வைத்தேன். அந்த இரண்டு வருஷப் படிப்பு முடித்தவரை இங்கே நர்சிங் கவுன்சில் பதியாது, அங்கே ஆஃப்ராவும் பதியாது. ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் பராமரிப்பு உதவியாளர் வேலை இருப்பது உண்மை. மரியாதையான வேலைதான். அதற்கு ஆஃப்ரா பதிவு தேவையில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது நர்ஸ் வேலைக்கு. நோட்டீஸில் எங்கேயும் அந்த வித்தியாசம் எழுதவில்லை.

"எது நல்ல படிப்புன்னு கேட்டீங்களே மாமா, அந்தக் கேள்வியக் கொஞ்சம் மாத்திக்கணும்" என்றேன். "படிச்சு முடிச்சா எந்தப் பட்டியல்ல பேர் ஏறும்னு கேளுங்க. முதல்ல நம்மூர்ப் பட்டியல். அப்புறம் அந்த ஊர்ப் பட்டியல். ரெண்டுலயும் ஏறாத படிப்புக்கு என்ஜினை விக்காதீங்க."

மாமாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "பாட்டுல பேர் இல்லாதவனுக்கு வலை எதுக்கு" என்றார்.

கணக்குப் போட்டோம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் கவுன்சலிங் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது, நீட் வேண்டாம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு கைக்குள் அடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். நான்கு வருஷம் படித்து, இங்கே பதிந்து, ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் கை பழகிவிட்டுப் போகலாம். நேராக ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலேயே படித்தால் அந்த இரண்டு தேர்வுகளும் வேண்டாம். ஆனால் அந்தக் கட்டணத்துக்கு என்ஜின் போதாது, வீட்டையும் சேர்க்க வேண்டும்.

"போகாமலே இருந்துட்டா?" என்று அக்கா கேட்டாள். மகள் போகவேண்டும் என்று கேட்கிறாளா, போகக் கூடாது என்று கேட்கிறாளா, எனக்குப் புரியவில்லை. "போகலேன்னாலும் நர்சுதான் அக்கா. பொன்னேரி ஆஸ்பத்திரியிலயும் அதே பட்டம்தான்" என்றேன். ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும். விசா கிடைக்காமல் போகலாம், அந்த நாட்டுச் சட்டம் மாறலாம், பெண்ணின் மனசும் மாறலாம். அன்றைக்கும் சோறு போடுகிற பட்டமா என்று பார்க்க வேண்டும்.

அக்கா மகள் அதுவரை வாயே திறக்கவில்லை. போனில் ஆஃப்ராவின் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இதுல குடும்பப் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு இனிஷியல்தானே, என்ன போடுறது?"

அப்பா பெயரைத்தான் போடுவார்கள் என்றேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லி ஆதாரோடு வைத்துப் பார்த்தோம். மாமாவின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டிலும் இரண்டு விதமாக இருந்தது, ஓர் எழுத்து வித்தியாசம். பிற்பாடு ஒவ்வொரு மேசையிலும் கேள்வி கேட்கும் வித்தியாசம் அது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு காகிதத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் காலையில ஏரிக்குப் போகல. மொதல்ல இதைத் திருத்திட்டு வந்துடுவோம்" என்றார்.