குடிநோய்க்கு மருத்துவமனை பிறந்த கதை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூர்ப் பக்கம் போலீஸ் சோதனை புதிதல்ல. புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கு விலை குறைவு. கிழக்கே மரக்காணம் உப்பளம். நாளெல்லாம் வெயிலில் உப்பு வாரியவர் உடம்பு அலுப்புக்கென்று தொடங்குவது, ஒரு கட்டத்தில் காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பதாகிவிடுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். விற்றவன் யார், இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்சம் தருவது எதற்கு என்று ஊரே பேசியது. குடித்தவர்களால் ஏன் விட முடியவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கேள்வியைச் சென்னையில் ஒரு பெண் அதற்கு நாற்பது வருடம் முன்பே கேட்டுவிட்டார். சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி.ரங்கநாதன், நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். பணம், பெயர், நல்ல டாக்டர்கள் என்று எதற்கும் குறைவில்லாத வீடு. ஆனாலும் 1979-இல், இளம் வயதிலேயே, குடி ரங்கநாதனைக் கொண்டுபோனது. அன்றைக்குக் குடிப்பவரைத் திருத்த நமக்குத் தெரிந்த வழிகள் சொற்பம்: மனநல மருத்துவமனை, சாமி முன்னால் கயிறு கட்டிச் சத்தியம், இல்லையென்றால் அறையில் போட்டுப் பூட்டுவது. கடைசி வழி ஆபத்தானது. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடிக்கு அடிமையாவதை நோயாக ஏற்றுக்கொண்டிருந்தது. சாந்தி மின்னசோட்டாவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றார். கணவர் பெயரில் 1980-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இன்று இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறிந்திருப்பது அதைத்தான். முதலில் மருந்து கொடுத்து நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் அடக்குவார்கள். பிறகு ஆலோசனை, குழுவாக உட்கார்ந்து பேசுதல். போதை மூளையின் இன்ப மண்டலத்தையே மாற்றி அமைத்துவிடுவதால் வைராக்கியம் மட்டும் போதாது. சர்க்கரை நோயைப் போல இதையும் ஆயுளுக்கும் கட்டுக்குள் வைத்திருக்கத்தான் முடியும். நடுவில் ஒருமுறை சறுக்கினால் மறுபடி சிகிச்சைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே எனக்குப் பெரிதாகத் தெரிவது மருந்தைவிட இன்னொன்று. நோயாளியின் மனைவிக்கும் தனியாக வகுப்பு உண்டு. கடனை அடைத்து, வேலையிடத்தில் பொய் சொல்லி, வருடக்கணக்கில் மூடி மறைத்தே நொந்துபோனவர் அவர். கணவரை இழந்த ஒரு பெண் கட்டிய மருத்துவமனையில் மனைவிக்கு நாற்காலி போட்டதில் வியப்பென்ன?

பிறகு சிகிச்சை கிராமத்துக்கும் போனது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊர்க்காரர்களின் துணையோடு முகாம் போட்டார்கள். கூலியாள் பட்டணம் வந்து படுத்துக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மருத்துவமே அவரைத் தேடிப் போனது. சாந்திக்கு 1992-இல் பத்மஸ்ரீ, 1999-இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா விருது. எனக்கு அவற்றைவிட மஞ்சக்குடிதான் பெரிது.

இளைஞர்களைக் காப்பதென்றால் நாம் உடனே பள்ளியில் உறுதிமொழி, பேரணி, பதாகை என்று இறங்குகிறோம். தவறில்லை. ஆனால் அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரை வழியாக வருவது. 15 வயதுக்குள் குடிக்கத் தொடங்குபவர் அடிமையாகும் வாய்ப்பு 20 வயதுக்கு மேல் தொடங்குபவரைவிட நான்கு மடங்கு என்று 1997-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. மூளையில் நிதானத்துக்குப் பொறுப்பான முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். அப்பா குடிக்கும் வீட்டுப் பையனுக்கு அப்பாவின் சிகிச்சைதான் முதல் தடுப்பு. அவன் கஞ்சாவையோ வலி மாத்திரையையோ தொட்ட பிறகு பேரணி நடத்தி என்ன பயன்?

எய்ம்ஸ் மருத்துவமனையின் 2019 அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். மனநலச் சட்டம் 2017-இலேயே இதை நோய்க் கணக்கில் சேர்த்துவிட்டது. போதைப்பொருளுக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. உப்பளக் கரைக்குச் சோதனைச் சாவடியைப் போலவே சிகிச்சை முகாமும் வேண்டும். அடுத்த கிராம சபையில் கிளியனூர்க்காரர்கள் அதைக் கேட்க வேண்டும். வீட்டில் ஒருவர் தவித்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.