'சாப்பாட்டுக்கு முன்' என்னும் தொடரின் வரலாறு

மருந்துச் சீட்டில் எழுதப்படும் தொடர்களுக்கும் வரலாறு உண்டு. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுக்கு எழுதப்படும் 'சாப்பாட்டுக்குப் பின்', 'படுக்கும் முன்', 'சாப்பாட்டுக்கு முன்' என்னும் மூன்று குறிப்புகளும் வெவ்வேறு காலத்தின் அறிவியலைச் சுமந்து நிற்பவை.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை 1824-இல் வில்லியம் பிரவுட் நிறுவினார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவம் செய்தது சுரந்த அமிலத்தைக் காரத்தால் முறிப்பது மட்டுமே. 1915-இல் பெர்ட்ரம் சிப்பி வகுத்த முறையில், புண்ணுற்றவர்களுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப்பொடியும் கொடுக்கப்பட்டன. வெறும் வயிற்றில் எடுத்த அமிலமுறிவு மருந்து அரைமணி நேர அளவில் இரைப்பையை விட்டு நீங்கிவிடும். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் அதன் பயன் சில மணி நேரம் நீடிக்கும் என்பதை 1960-களில் ஜான் ஃபோர்ட்ரானின் ஆய்வுகள் தெளிவாக்கின. 'சாப்பாட்டுக்குப் பின்' என்னும் குறிப்பின் அடிப்படை இதுவே.

இரண்டாம் கட்டம் 1976-இல் பிரிட்டனில் தொடங்கியது. ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கிய சிமெடிடின், அமிலத்தை முறிக்காமல், அமிலம் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினின் வழியை அடைத்தது. 1981-இல் ரானிடிடின் வந்தது. இவ்வகை மருந்துகள் இரவுநேரச் சுரப்பை நன்கு அடக்கியமையால், படுக்கும் முன் ஒரு வேளை என்னும் வழக்கம் நிலைபெற்றது.

மூன்றாவது கட்டம் ஒமெப்ரசோல். 1979-இல் ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனத்தில் உருவான இம்மருந்து 1988-இல் விற்பனைக்கு வந்தது. அப்போது இந்தியாவில் நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு அன்றி அதைத் தயாரிக்கும் முறைக்கே உரிமை அளித்தது. எனவே வேறு முறையில் தயாரிக்க வழி இருந்தது. அரசுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்.-இல் பணியாற்றிய கல்லம் அஞ்சி ரெட்டி 1984-இல் ஐதராபாத்தில் நிறுவிய டாக்டர் ரெட்டீஸ், 1991-இல் 'ஓமெஸ்' என்னும் பெயரில் அதை வெளியிட்டது. அந்நகரின் வடமேற்கு விளிம்பில், பெல் ஆலையைச் சார்ந்து வளர்ந்த ராமச்சந்திராபுரத்தை அடுத்துள்ள பட்டான்செரு, பொல்லாரம் தொழிற்பேட்டைகள் மருந்து மூலப்பொருள் உற்பத்திக்குப் பெயர்பெற்றவை.

மாத்திரை எளிதில் கிடைத்தது. அதன் நேரக்கணக்கு அவ்வளவு எளிதாகப் பரவவில்லை. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் முதலியவை அமிலத்தில் சிதைபவை. ஆகவே குடலில் மட்டும் கரையும் உறையோடு வருகின்றன. குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும் செல்லை அடைந்து, அங்குள்ள அமிலத்தாலேயே செயல்வடிவம் பெற்று, புரோட்டான் பம்புகளைப் பூட்டுகின்றன. ஆனால் இயங்கும் பம்பை மட்டுமே அவற்றால் பூட்ட இயலும், இயக்குவது உணவு. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். மருந்தும் உணவின் தூண்டலும் ஒரே வேளையில் சந்திக்க வேண்டும் என்பதால்தான் உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்னும் கணக்கு. இரவு முழுதும் உண்ணாதிருந்தபின் பம்புகள் மிகுதியாகக் காத்திருப்பதால் காலைவேளை சிறந்தது.

இந்த இடைவெளியைத் தமிழ்ச் சீட்டின் 'முன்' என்னும் சொல் காட்டுவதில்லை. முதல் கவளத்துக்குச் சற்று முன்னும் முன்தான். மூன்று மணி நேரம் முன்னும் முன்தான். மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே இலையில் அமர்பவரும் சீட்டை மீறியவர் அல்லர். 'காலை' என்னும் சொல்லும் அப்படியே. ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கி, நண்பகலில் எழுந்து உண்பவருக்கு நீண்ட பட்டினி முடிவது நண்பகலில். கடிகாரத்தின் காலை அவருக்கு உரிய வேளை அன்று.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மருந்து எடுத்தும் நெஞ்செரிச்சல் தீராத 100 பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உரிய நேரத்தில் மருந்தை எடுத்தவர்கள் 46 பேர் மட்டுமே. எஞ்சியோரில் சிலர் உணவுக்குப் பின்னும் சிலர் படுக்கும்போதும் எடுத்தனர். அதாவது முந்தைய இரு கட்டங்களின் வழக்கப்படி. நேரம் பிழைத்ததை மருந்து பிழைத்ததாகக் கொண்டால், அளவு கூடும், மருந்து மாறும், தேவையற்ற எண்டோஸ்கோபியும் நேரும்.

2014-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற வொனோபிரசான், உணவு நேரத்தைச் சாராமல் செயல்படுவது. அது பரவலானால் இத்தொடரும் பழங்கதையாகலாம். அதுவரை, சீட்டில் 'சாப்பாட்டுக்கு அரைமணி முன்' என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதுவதற்குச் செலவு ஏதும் இல்லை.