பழைய டிஷ்வாஷர் வாங்குறதுக்கு முன்னாடி அதோட கதையைக் கேளுங்க

1/ அமெரிக்காவில் 1950, 60களின் பாணியில் சமையலறையை அமைப்பது இப்போ ஒரு மோகம். புதினாப் பச்சை அலமாரி, குரோம் கைப்பிடி, அதுக்குப் பொருத்தமா அந்தக் காலத்து டிஷ்வாஷர். அங்கே வசிக்கும் நம்மவர்கள் சிலருக்கும் இந்த ஆசை இருக்கலாம். "பாத்திரம் கழுவுற மெஷினுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு. முதல்ல வரலாறு.

2/ 1850இல் ஜோயல் ஹூட்டன் என்ற அமெரிக்கர் இதுக்கு முதல் காப்புரிமை வாங்கினார். மரத்தாலான பெட்டி. கையால் சுற்றினால் பாத்திரங்கள் மேல் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான். அது சரியா வேலை செய்யலை.

3/ உருப்படியா வேலை செஞ்ச மெஷினைக் கொண்டுவந்தவர் ஜோசஃபின் காக்ரன். இல்லினாய்ஸ் மாநிலம், ஷெல்பிவில் ஊர். வசதியான குடும்பம், வீட்டில் பணியாட்கள் உண்டு. பரம்பரைப் பீங்கான் தட்டுகளை அவர்கள் கழுவும்போது விளிம்பு உடையுதே என்ற கவலைதான் ஆரம்பம்.

4/ 1883இல் கணவர் இறந்தார். மிஞ்சியது கடன். அதுவரை யோசனையா இருந்தது இப்போ பிழைப்பாச்சு. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவியோட மெஷினைச் செய்து முடித்தார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை கிடைத்தது.

5/ அவருடைய யோசனை எளிமையானது. ஒவ்வொரு தட்டுக்கும் கோப்பைக்கும் அளவெடுத்து கம்பிக் கூடு. கூடுகள் ஒரு சக்கரத்தில் சுற்றும். சக்கரம் செப்புக் கொப்பரைக்குள். கீழிருந்து சூடான சோப்புத் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். முன்னாடி வந்தவங்க தேய்ப்பதைப் பற்றி யோசித்தார்கள். இவர் தண்ணீரின் அழுத்தத்தை நம்பினார். இன்றைக்கும் டிஷ்வாஷரின் அடிப்படை இதுதான்.

6/ ஆர்டர் கேட்டு சிகாகோவின் ஷெர்மன் ஹவுஸ் ஹோட்டலுக்குத் தனியாகப் போனார். கணவரோ அப்பாவோ துணைக்கு இல்லாமல் ஒரு பெண் ஹோட்டல் கூடத்தைக் கடப்பது அன்று சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் மயங்கி விழுந்துடுவோமோனு பயந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விழவில்லை. 800 டாலர் ஆர்டரோட திரும்பினார்.

7/ 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் மெஷினுக்கு விருது கிடைத்தது. ஹோட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கலை. ஏன்? பெரும்பாலான வீடுகளில் அந்த அளவு வெந்நீர் கிடையாது. தண்ணீரும் பல ஊர்களில் கடின நீர், சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையா படியும். மெஷின் தயார், வீடு தயாரில்லை.

8/ 1924இல் பிரிட்டனில் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் முன்பக்கக் கதவு, கம்பித் தட்டு, சுழலும் தெளிப்பான் வைத்து வீட்டுக்கான சிறு மெஷின் வடிவமைத்தார். முதல் உலகப் போரில் விஷவாயு வீசும் கருவியை உருவாக்கிய அதே லிவன்ஸ்தான்!

9/ காக்ரன் 1913இல் இறந்தார். அவர் கம்பெனியை 1926இல் ஹோபார்ட் வாங்கியது. 1949இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு டிஷ்வாஷர் வந்தது. 1986இல் அந்தப் பெயர் வேர்ல்பூல் கைக்குப் போனது. அதுக்கு முந்தைய ஹோபார்ட் காலத்து மெஷின்களைப் பழம்பொருள் பிரியர்கள் தேடி வாங்குவது அதன் உறுதிக்காகத்தான்.

10/ வீடு எப்போ தயாரானது? கீசர் வந்தது. கூடவே பாஸ்பேட் கலந்த பவுடர் வந்தது. தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும், பாத்திரம் பளபளக்கும். ஆனா அதே பாஸ்பேட் ஏரிகளில் கலந்து பாசிக்கு உரமானது. 2010இல் பல அமெரிக்க மாநிலங்கள் டிஷ்வாஷர் பவுடரில் அதைத் தடுத்தன.

11/ இங்கேதான் நீங்க கவனிக்கணும். 1960இன் மெஷின் 1960இன் பவுடருக்கும் 1960இன் வெந்நீருக்கும் செய்யப்பட்டது. இன்றைய பவுடர் என்சைமை நம்புகிறது. அது வேலை செய்ய நேரம் வேணும். அவசரமா கழுவி முடிக்கும் பழைய மெஷினில் அந்த நேரம் கிடைக்காது. அதனால் வெள்ளைப் படலம் தங்கினால் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க.

12/ "அப்போ தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிடலாமே?" பழைய மெஷின்கள் எதிர்பார்த்தது 60 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் ஆழமா வெந்துபோகும். 49 டிகிரியில் அதுக்குச் சில நிமிடம் ஆகும். வீட்டுக் கீசரைப் பலரும் 49இல் வைப்பது இதுக்காகத்தான். குழந்தையும் வயசானவங்களும் இருக்கிற வீட்டில் தட்டுக்காகக் கீசரைத் திருகாதீங்க.

13/ இப்போ டாக்டர் பேச வேண்டிய இடம். டிஷ்வாஷர் பவுடர் கடும் காரம். அமிலம் பட்டால் திசு உறைந்து ஒரு தடுப்பு மாதிரி ஆகும். காரம் திசுவையே கரைத்து உள்ளே இறங்கிக்கிட்டே போகும். விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்து, பின்னாடி சுருங்கி, எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போகலாம்.

14/ பிலடெல்பியாவின் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், காஸ்டிக் சோடா விழுங்கிய இப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தவர். வைத்தியத்தோட நிறுத்தாமல் சட்டத்துக்காகப் போராடினார். 1927இல் காரம், அமில டப்பாக்களில் எச்சரிக்கை கட்டாயமானது. குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடிக்கான சட்டம் வர 1970 ஆனது. அழகுக்காகப் பவுடரைப் பழைய டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ கொட்டி வைத்தால், இந்த இரண்டு பாதுகாப்பையும் ஒரே நொடியில் தூக்கி எறியறீங்க.

15/ யாராவது விழுங்கிட்டா: வாந்தி எடுக்க வைக்காதீங்க. எலுமிச்சைச் சாறு, வினிகர் கொடுத்து "முறிக்க" வேண்டாம். டப்பாவோட உடனே மருத்துவமனை.

16/ வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க:
• 1979க்கு முந்தைய மோட்டார் கெபாசிட்டரில் பிசிபி நச்சு இருக்கலாம். மாத்தச் சொல்லுங்க.
• பழைய வெப்பக் காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நீங்களா பிரிக்காதீங்க. அதன் தூசி தரும் புற்றுநோய் பல பத்தாண்டு கழித்துத்தான் தெரியும்.
• எர்த் இணைப்பு, ஒயர், ரப்பர், கதவைத் திறந்ததும் நிற்கும் சுவிட்ச்: நாலையும் எலக்ட்ரீஷியன் பார்க்கணும்.
• இந்தியாவுக்குக் கொண்டுவர நினைச்சா, அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். நம்ம ஊர் 230, 50.

17/ என் ஆலோசனை: வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பழையது பார்வைக்கு, புதியது வேலைக்கு. இல்லைன்னா, உதிரி பாகம் கிடைக்கும் ஹோபார்ட் காலத்து மெஷினா பார்த்து, சரிபார்த்து ஓட்டுங்க. எதை வாங்கினாலும் பவுடர் அதன் சொந்த டப்பாவில், எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில்.

பகிருங்கள்.