கணக்கில் வராத தெரு

உள்ளாட்சி நிதி என்றால் அது அதிகாரிகள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கர் ஒதுங்கவில்லை. 1925இல் அச்சான அவருடைய மாகாண நிதி ஆய்வு, பிரிட்டிஷ் ஆட்சியில் மேலிருந்து மாகாணங்களுக்குப் பணம் எந்த விதிப்படி இறங்கியது என்பதை எண்களை அடுக்கிக் காட்டியது.

நம் வட்டாரத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து பிறந்தது. ஊரோடு சேர்த்துக் கூட்டிச் சராசரி போட்டிருந்தால் அந்த அறிக்கைக்கு வேலையே இருந்திருக்காது. சேரியைத் தனியே எடுத்துப் பார்த்ததுதான் அதன் பலம்.

இன்று கணினி இருக்கிறது. 2020 முதல் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் ஊராட்சிகளின் வரவு செலவு கிடைக்கிறது. நகராட்சிகளின் கணக்குகளும் இணையத்தில் உள்ளன. அப்படி வெளியிட்டால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. இரண்டு ஊர்களை ஒப்பிடவும், அடுத்த ஆண்டின் வரவைக் கணிக்கவும் ஒரு மாணவருக்கு ஒரு மாலை போதும்.

ஆனால் எதைக் கணிக்கிறோம்? அயனம்பாக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒருபுறம் சென்னை மாநகராட்சி, இன்னொருபுறம் திருவேற்காடு நகராட்சி, சற்றுத் தள்ளி ஆவடி. 2011இல் அம்பத்தூர் சென்னையோடு சேர்ந்ததும் அம்பத்தூர் நகராட்சி என்ற வரிசையே அட்டவணையிலிருந்து மறைந்தது. அது இப்போது 7ஆவது மண்டலம். ஆவடி 2019இல் மாநகராட்சியானது. 2016 முதல் 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளை நடத்தியது தனி அலுவலர்கள். 2022 ஏப்ரலில் குடியிருப்புகளின் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. பழைய ஆண்டுகளை வைத்து நேர்கோடு இழுத்த எந்தக் கணிப்பும் இதில் தடுமாறும். இது கணக்காளர்களின் கவலை. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நம் கவலை வேறு. இந்த அட்டவணைகளில் மிகச் சிறிய அலகு ஓர் ஊராட்சி அல்லது ஒரு நகராட்சி. சாதி அதற்குள்ளே, தெருவில் இருக்கிறது. தலா செலவு உயர்ந்திருக்கிறது என்று திரை சொல்லும். அந்தப் பணம் ஊர்த்தெருவில் இறங்கியதா, காலனியில் இறங்கியதா என்று சொல்லாது. கணிப்போ இன்னும் மோசம். பத்தாண்டு ஒரு தெருவுக்கு வடிகால் போடவில்லை என்றால், பழைய செலவைப் பார்த்துக் கற்கும் கருவி பதினோராம் ஆண்டும் அங்கே சுழியம் என்றே சொல்லும். புறக்கணிப்பே போக்கு என்று பதிவாகிவிடும்.

ஒன்றிய, மாநில வரவுசெலவுத் திட்டங்களில் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டத்துக்கு 789 என்று ஒரு தலைப்பு எண் உண்டு. நகராட்சிகளை ஒப்பிடும் அட்டவணையில் அதைத் தேடாதீர்கள். அந்த எண் கோட்டையோடு நின்றுவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதல்வர் அறிவித்தார், வரவேற்போம். பெயர் போகட்டும், இடம் கணக்கில் வரட்டும்.

இடம் எங்கும் எழுதப்படாமல் இல்லை. ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டிலும், எம்-புக் எனும் அளவுப் புத்தகத்திலும் தெருவின் பெயர் இருக்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் அவற்றின் நகலைக் கேட்கலாம். விரிதாளில் குடியிருப்பு என்று ஒரே ஒரு பத்தியைக் கூட்டி, வீட்டுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்தால் போதும்.

இதைச் சீக்கிரம் செய்ய ஒரு காரணம் உண்டு. ஓர் ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது கணக்கின் வரிசை மட்டும் அறுவதில்லை. கிராம சபை போகிறது, ஊரக வேலை உறுதித் திட்டம் போகிறது. அது தனித்தொகுதியாக இருந்தால், 1997இல் மேலவளவு முருகேசன் உயிரைக் கொடுத்த அந்தத் தலைவர் நாற்காலியும் போகிறது. இணைந்த பிறகு பழைய ஊராட்சியின் பதிவேடுகள் எந்த அலுவலக அலமாரியில் இருக்கின்றன என்று தேடி அலைவதைவிட, முன்பே நகல் வாங்கி வைப்பது எளிது.